வாடைக்காலக் கடலும் நாம் அறியாத கரையும்



பண்டார் தெங்காராவில் நின்று கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம்மைச் சூழ்ந்திருப்பது செம்பனை. நாம் அறிந்த நீர் ஜொகூர் ஆறும் லிங்கியு நீர்த்தேக்கமும்தான். உப்புக்காற்று இங்கு எட்டுவதில்லை. ஆயினும் ஊரின் பெயரிலேயே கடலோடியின் திசை ஒன்று இருக்கிறது. 'தெங்காரா' என்றால் மலாயில் தென்கிழக்கு. 'தென்கரை' என்னும் தமிழ்ச் சொல்லே அதன் மூலம் எனக் கருதும் அறிஞரும் உளர். 'காப்பால்' நம் கப்பலே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வார இறுதிகளில் நம் இளைஞர் பலர் தூண்டிலையும் ஐஸ் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு செடிலிக்கும் மெர்சிங்குக்கும் செல்கின்றனர். அங்கே படகை வாடகைக்கு எடுத்துக் கடலுக்குள் போகின்றனர். தோட்டப்புறத்தில் வளர்ந்து, ஆற்றிலும் குட்டையிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் இவர்கள். வஞ்சிரமும் கலவாயும் கிடைக்கும் என்ற ஆசை நவம்பரிலும் அடங்குவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கடல் வேறொரு கடல்.

வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் நீளம் முழுவதையும் தடையின்றிக் கடந்து ஜொகூரின் கிழக்குக் கரையில் மோதுகிறது. அங்கே கடலடி ஆழமற்றது. நெடுந்தொலைவு வந்த அலை ஆழங்குறைந்த இடத்தில் குறுகி, உயர்ந்து, செங்குத்தாக எழும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை விடுக்கும் முதல்நிலை எச்சரிக்கையே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றையும் 3.5 மீட்டர் வரை எழும் அலையையும் குறிக்கும். சிறு படகுக்கு அதுவே போதும்.

ஆயினும் பெரிய இடர் நடுக்கடலில்தான் என்று எண்ணுதல் கூடாது. கழிமுகத்தைப் பாருங்கள். மழையால் பெருகிய ஆற்றுநீர், கடல்நீர் வற்றும் வேளையில் விரைந்து வெளியே பாய்கிறது. எதிரே அலை உள்ளே வருகிறது. இரண்டும் மணல்திட்டின் மேல் சந்திக்கும்போது அலை நின்ற இடத்திலேயே மடிந்து உடைகிறது. காலையில் அமைதியாக இருந்த அதே வாயில் மாலையில் படகைக் கவிழ்க்கும். கரையில் பிறந்த மீனவர் கடல்நீர் ஏறும் நேரத்துக்காக வெளியே காத்திருப்பார். உள்ளூரிலிருந்து சென்றவரோ மழை வருகிறதே, இருட்டுகிறதே என்று விரைவார். கைப்பேசி அவர் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆனால் நேற்றைய வெள்ளத்தில் மணல்திட்டு எங்கு நகர்ந்தது என்பதை அது அறியாது. மலையையும் மரத்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி இடம் குறிக்கும் பழைய முறையும், மழைத்திரை இறங்கித் தியோமானும் திங்கித் தீவும் மறைந்தபின் உதவாது.

இதில் மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அறியாத கடலில் அறிவு சொல்லின் வழியாகவே கைக்கு வருகிறது என்பதே நம் கருத்து.

வாடை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நெடுநல்வாடை' என்று ஒரு பாட்டுக்கே பெயர். நம் மாணவர் வாடையைப் பிரிந்தோரை வருத்தும் குளிர்காற்று எனத் தேர்வுக்கு மனனம் செய்கின்றனர். கரையில் வாழ்வோர்க்கு அது தொழிலின் நாட்காட்டி. தமிழகக் கிழக்குக் கரையிலும் ஈழத்திலும் வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். நீரோட்டம் நீவாடு; கடலடிப் பாறைத்திட்டு பார். இப்பெயர்கள் சுட்டும் திசை கரைக்குக் கரை சற்று விலகுவதையும் காண்கிறோம். சொல் அந்தந்தக் கரையோடு பிணைந்தது. இலங்கையில் பருவத்துக்கேற்பக் கரை மாறி, கொட்டில் அமைத்துத் தங்கித் தொழில் செய்வோர் உண்டு. அந்தத் தங்குமிடத்துக்கு 'வாடி' என்று பெயர். அங்கே செல்பவர் தம் ஊர்க் காற்றை மூட்டைகட்டிக்கொண்டு போக இயலாது.

அறிந்தவரையும் கடல் விடுவதில்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்பவர். இந்தியப் பெருங்கடலில் அவர்கள் செல்லாத இடம் குறைவு. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் உருவானபோது அவர்களுள் பலர் முன்பே புறப்பட்டுப் போயிருந்தனர். எச்சரிக்கை கரையில் ஒலித்தது; தொலைவில் இருந்த படகுகளை அது சேரவில்லை. அவ்வூர்களில் இன்றும் நவம்பர் ஒரு துயர மாதம்.

வேற்றுக் கடலுக்கு இன்னொரு சான்று குளிர்நாட்டில் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, காட் மீனுக்குப் பெயர்பெற்ற கரை. 1986 ஆகஸ்ட் 11 அன்று, அக்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்த 155 ஈழத்தமிழரை உள்ளூர் மீன்பிடிப் படகினர் கண்டெடுத்தனர். 'அட்லாண்டிக் ரீப்பர்' என்னும் படகின் தலைவர் கஸ் டால்டன் அவர்களுள் ஒருவர். எங்கும் மூடுபனி, எந்தக் கரைக்கு அருகே இருக்கிறோம் என்பதே மிதந்தவர்க்குத் தெரியாது. மீட்டவருக்கு அது அன்றாடம் தொழில் செய்யும் இடம். ஒரே நீர்தான், ஒருவர்க்குப் பாழ்வெளி, மற்றவர்க்கு முற்றம்.

அம்முற்றத்தின் பின்கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. குளிர்காலத்தில் முட்டையிடக் கூடும் காட் கூட்டங்களைப் பெரிய இழுவைக் கப்பல்கள் வாரிக்கொண்டிருந்தன. மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று கரையோரச் சிறு மீனவர் 1980களிலேயே சொல்லிவந்தனர். அவர்கள் சொல் கணக்கேட்டில் ஏறவில்லை. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு அந்த மீன்பிடிப்பையே நிறுத்தியது, பல்லாயிரவர் தொழிலிழந்தனர்.

இனி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நெய்தல் திணையை நடத்தும் வாரத்தில் மாணவரைக் கொண்டு ஒரு கடற்சொற் பட்டியல் எழுதச் செய்யுங்கள். மீன்பிடிக்கச் செல்லும் அண்ணன்மாரையும் மாமன்மாரையும் மாணவர் கேட்கட்டும். அவர்கள் செடிலியின் மலாய் மீனவப் பெரியவரைக் கேட்டு வரட்டும். 'தெங்குஜு' என அவர் சொல்வது நம் வாடைக்காலம். 'குவாலா' கழிமுகம், 'பெத்திங்' மணல்திட்டு, 'ஆருஸ்' நீவாடு. தென்னங்கீற்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் நங்கூரமிட்டு மீனைக் கூட்டும் அமைப்பை அவர் 'உஞ்சாம்' என்பார். அதற்கு அகராதியின் துணைகொண்டு நீண்ட தொடர் ஒன்றைப் புனைவதில் நமக்கு உடன்பாடில்லை. உஞ்சாம் என்றே எழுதலாம். கடலில் கூவிச் சொல்லும் சொல் குறுகியதாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அது எதை எச்சரிக்கிறது என ஒரு வரி இருக்கட்டும். பெத்திங்குக்கு நேரே, "நீர் வற்றும்போது நுழையாதே" என்று எழுதலாம். அக்டோபர் முடியுமுன் அந்தப் பட்டியல் வகுப்பறைச் சுவரிலும், ஒரு படி நம் இளைஞரின் ஐஸ் பெட்டி மூடியிலும் ஒட்டப்பட்டிருத்தல் நலம்.