சீகன்ட் கணக்கின் கடல்வழி

கல்லூரி நுண்கணிதப் பயிற்சிகளில், சீகன்ட் சார்பின் தொகையீட்டைக் காண்க என்னும் கணக்கு அநேகமாகத் தவறாமல் இடம்பெறும். சீகன்ட் என்பது ஒன்றைக் கொசைனால் வகுக்கக் கிடைப்பது. தொகையீடு என்பது நுண்ணிய துண்டுகளைக் கூட்டி முழு அளவைப் பெறும் முறை. சீகன்ட்டோடு டேன்ஜென்ட்டைக் கூட்டிய கோவையால் மேலும் கீழும் பெருக்கினால், தொகுதி பகுதியின் வகைக்கெழுவாகவே அமைந்து, விடை மடக்கையாக வந்து நிற்கும். மாணவர் இதை மனப்பாடம் செய்துவிடுவர்; அக்கோவை எங்கிருந்து முளைத்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதன் வேர் கடலில் இருக்கிறது. 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட உலகப் படத்தில், மாறாத திசையில் செல்லும் கப்பலின் வழி நேர்கோடாக அமைய, நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அகலக்கோடுகளின் இடைவெளி அந்தந்த இடத்தின் அகலக்கோட்டுக் கோணத்தின் சீகன்ட் அளவுக்கு நீள வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் எட்வர்ட் ரைட், சிறுசிறு கோண இடைவெளிகளில் சீகன்ட்டுகளைக் கையாலேயே கூட்டி, 1599இல் மாலுமிகளுக்கு அட்டவணை தந்தார்; அதுவும் ஒருவகைத் தொகையீடுதான், நுண்கணிதம் பிறப்பதற்கு முன்பே.

1645 வாக்கில் ஹென்றி பாண்ட் என்பவர், அவ்வட்டவணை டேன்ஜென்ட்டின் மடக்கை அட்டவணையோடு ஒத்துப்போவதைக் கண்டார்; ஆனால் நிறுவல் கிட்டவில்லை. 1668இல் ஜேம்ஸ் கிரிகரி நிறுவியது கரடுமுரடானது. 1670இல் ஐசக் பாரோ, ஒரு பின்னத்தை இரண்டு எளிய பின்னங்களின் கூடுதலாகப் பிரிக்கும் பகுதிப் பின்ன முறையால், தெளிவான நிறுவலைத் தந்தார்.