கட்டாக்காலிப் பட்டி

பயிர் செய்பவனுக்கும் மாடு வளர்ப்பவனுக்கும் இடையே எழும் பிணக்கு மிகப் பழையது. வேலி தாண்டிய மாடு ஓரிரவிலே ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவை அழித்துவிடலாம். பயிரை இழந்தவன் சினத்தால் மாட்டை வெட்டினால், மாட்டுக்காரன் அவன்மேற் பாய்வான். இவ்விருவருக்கும் நடுவே நின்று கைகலப்பைத் தடுத்த எளிய ஏற்பாடே, கட்டாக்காலி மாடுகளை அடைக்கும் ஊர்ப்பட்டி. அதன் நீண்ட வரலாற்றை இங்கிலாந்து நாட்டிலே தெளிவாகக் காணலாம்.

இடைக்காலத்து ஆங்கிலக் கிராமங்களில் ஒருவன் நிலத்துக்கும் மற்றவன் நிலத்துக்கும் இடையே பெரும்பாலும் வேலி இருக்கவில்லை. எனவே, விளைபயிரில் மேயும் மாட்டைப் பிடித்து, இழப்புக்கு ஈடு கிடைக்கும்வரை தடுத்து வைக்கும் உரிமை நிலக்காரனுக்கு இருந்தது. அம்மாடு அடைக்கப்பட்ட இடமே பட்டி. கல்லாலோ மரத்தாலோ அமைந்த சுற்றுமதில், ஒரு படலை, மேலே திறந்த வானம், அவ்வளவே. வட பகுதியார் அதனைப் பின்ஃபோல்டு என்றனர். தென் பகுதியார் பவுண்டு என்றனர். பின்னைய சொல் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் வழங்கலாயிற்று. பட்டியைக் காத்தவன் பிண்டர் எனப்பட்டான். வேக்ஃபீல்டு ஊரின் பிண்டர் ஒருவன் நாட்டுக் கதைகளில் வீரனாகவே போற்றப்படுகிறான்.

பிடித்தவன் மனம்போல் நடக்கச் சட்டம் இடமளிக்கவில்லை. பிடித்த கால்நடையை வேறு மாவட்டத்துக்கு ஓட்டிச் செல்லலாகாது என 1267ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பட்டிக் கட்டணம் 4 பென்சுக்கு மேற்படலாகாது என 1554ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. மறுபுறத்தில், தன் மாடேயாயினும் பட்டியை உடைத்து மீட்பது குற்றமாகும். பட்டிக்குள் புகுந்த மாடு சட்டத்தின் காவலில் இருப்பதாகக் கருதப்பட்டது. அநியாயமாகப் பிடிக்கப்பட்டது என்று கருதியவன், பிணை கொடுத்து மாட்டைப் பெற்று, வழக்குத் தொடுத்தல் வேண்டும்.

இருவர் உரிமைகளும் இவ்வாறு காக்கப்பட்டன. வாயில்லாச் சீவனின் பசியை யார் தீர்ப்பது? திறந்த பட்டியில் அடைத்தால், சொந்தக்காரனே வந்து தீனி கொடுக்க வேண்டும் என்பது பழைய விதி. அவன் அறியாதிருந்தாலும், பிடிவாதமாய் வாராதிருந்தாலும் மாடு பட்டினி கிடந்தது. குற்றமறியாத விலங்கே மனிதர் வழக்கின் தண்டனையை அனுபவித்தது.

இக்குறையைச் சட்டம் உணர நெடுங்காலஞ் சென்றது. அடைத்தவனே உணவளிக்க வேண்டும் என்ற விதி 1835இல் வந்தது. மாடு 24 மணி நேரம் பட்டினி கிடந்தால், எவரும் பட்டிக்குள் நுழைந்து தீனி வைக்கலாம் எனவும் அச்சட்டம் கூறியது. 1849இல் அக்கால எல்லை 12 மணியாகவும், 1911இல் 6 மணியாகவும் குறைந்தது. நாகரிகத்தின் வளர்ச்சியை இம்மூன்று எண்களைக் கொண்டே அளந்துவிடலாம்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொதுவெளிகள் வேலியடைக்கப்படவே, பட்டிகளின் தேவை குன்றிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம் பழைய உரிமையை மாற்றியமைத்தது. அதன்படி, மாட்டைத் தடுத்து வைப்பவன் 48 மணி நேரத்துக்குள் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். தீனியும் நீரும் கொடுத்துப் பேணுதலும் அவன் கடமை. பழைய கற்பட்டிகள் சில, வரலாற்றுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியோடு இவ்வேற்பாடு கடல் கடந்தது. இந்தியாவில் 1857இலும் 1871இலும், இலங்கையில் 1876இலும் கால்நடைகளின் அத்துமீறல் பற்றிய சட்டங்கள் பிறந்தன. பட்டிக் காவலனே மாட்டுக்குத் தீனியும் நீரும் கொடுக்க வேண்டும் என 1871ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் விதித்தது.

கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கும் பணியை இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்கள் இன்றும் செய்து வருகின்றன. அழிந்த பயிருக்கு ஈடு கேட்பது நீதி; தண்டம் கட்டி மாட்டை மீட்பதும் நீதி. ஆயினும், வழக்குத் தீரும்வரை பட்டிக்குள் நிற்கும் மாட்டின் முன்னே ஒரு கட்டு வைக்கோலும் ஒரு தொட்டி நீரும் இருந்தாலன்றி அந்நீதி நிறைவு பெறாது.