சாப்பாட்டுக்கு ஒரு நேரம்



"என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்கிறான்." பல வீடுகளில் கேட்கிற குறை இது. காலையிலிருந்து அவன் என்ன சாப்பிட்டான் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். 10 மணிக்கு பிஸ்கட், 11 மணிக்கு ஜூஸ், 12 மணிக்கு முறுக்கு. அப்புறம் 1 மணிக்குச் சோற்றைப் பார்த்தால் பசி எங்கிருந்து வரும்?

சின்னக் குழந்தையின் வயிறும் சின்னது; ஒரே வேளையில் நிறையக் கொள்ளாது. அதனால் 3 வேளைச் சாப்பாடு, இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 2, 3 மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் போதும்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் ஓர் எளிய வழி சொல்கிறார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

புதுக் காயை முதல் நாள் ஒதுக்கினால் விட்டுவிடாதீர்கள். பத்துத் தடவைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகுதான் சில குழந்தைகள் வாயில் வைக்கும்.

இரவு ஒரு வேளையாவது டிவியையும் செல்போனையும் அணைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். அப்பா கீரையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்தால் பிள்ளையின் கையும் கீரைப் பக்கம் போகும். இன்றைக்கே தொடங்குங்கள்.