ஓடி ஓய்ந்த நாய்க்கு ஒரு வீடு

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களுக்கு வீடு தேடித் தரவென்றே மீட்புக் குழுக்கள் இருக்கின்றன. பிரிட்டனில் இதற்காக 1975-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018-இல் வாக்களித்து நாய்ப் பந்தயத்துக்குத் தடை விதித்தார்கள். 2020-ஆம் ஆண்டு முடிவோடு அங்கே பந்தயம் நின்றது. ஓடிய நாய்கள் தத்துக்கு வந்தன.

நாயைத் தத்தெடுக்கப் பொதுக் காப்பகத்துக்கும் போகலாம்; அங்கே பல வகை நாய்கள் இருக்கும். நேரில் பார்த்து, பழகிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஓர் இனத்துக்கென உள்ள குழுக்களோ பல நாய்களைத் தன்னார்வலர்களின் வீட்டில் வைத்துப் பராமரிக்கின்றன. அதனால் எந்த நாய் குழந்தைகளோடு ஒட்டும், எது பூனையைத் துரத்தும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

தத்துக் கேட்பவர் விண்ணப்பம் தர வேண்டும். குழுவினர் வீட்டையும் வேலியையும் பார்ப்பார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின், ஒரு கட்டணத்தோடு நாய் ஒப்படைக்கப்படும். ஒத்துவராவிட்டால் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் வழக்கமான நிபந்தனை.

கூண்டிலேயே வளர்ந்த கிரேஹவுண்டுக்கு வீடு புதிய உலகம். மாடிப்படியின் முன் கால் நடுங்க நிற்கும்; கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்ளும். மெல்லிய ரோமம் என்பதால் குளிரில் மேலங்கி தேவை. வெளியே போனால் கயிறு கட்டாயம். வீட்டிலோ நாளின் பெரும்பகுதி உறக்கம்தான். சில வாரப் பொறுமை போதும், அந்த நாய் வீட்டு மனிதர்களோடு ஒன்றிவிடும்.