பல்லில் பதியும் தடம்

மாணவர்களே, அமெரிக்க நாட்டில் 'டிராக்' பந்தயம் என்றொரு மோட்டார்ப் பந்தயம் உண்டு. பாதை நேரானது, தூரம் பல இடங்களில் கால் மைல், அதாவது 1,320 அடி. நின்ற நிலையிலிருந்து கார் பாயும் அக்கணத்தில், எஞ்சினின் விசை முழுவதும் பின் அச்சிலுள்ள இரு பற்சக்கரங்களின்மீது விழுகிறது. சிறியது பினியன், பெரியது கிரவுன் சக்கரம். பொருத்தம் பிசகினால் பற்கள் முறியவும் கூடும்.

இவ்விரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பினியனுக்கு 10 பற்கள், மற்றதற்கு 41 எனக் கொள்வோம். 40 ஆனால் கணக்கு எளிதாயிருக்குமே என்பீர்கள்! அப்போது பினியனின் ஒரு பல் அதே நான்கு பற்களையே ஓயாமல் சந்திக்கும். 41 ஆனாலோ, எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திப்பதால் தேய்மானம் பங்கிடப்பெறும். அந்த ஒற்றைப் பல்லின் அருமையை எண்ணிப் பாருங்கள்.

பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். பற்களுக்கிடையே விடும் இடைவெளி பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு. பின்னர்ப் பற்களில் மஞ்சள் நிறப் பசை பூசிச் சுழற்றுவார்கள். தடம் பல்லின் நடுவே பதிந்தால் நன்று. அடிப்புறம் ஒதுங்கினால் பினியன் மிக நெருங்கியிருக்கிறது; நுனிப்புறம் ஏறினால் விலகியிருக்கிறது. மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ மறுபடியும் பூசிப் பார்ப்பர். இடைவெளியின் அளவு சரியாயிருந்தும் தடம் ஒதுங்கியிருந்தால், பந்தயத்துக்கு முந்திய இரவானாலும் மீண்டும் கழற்றத்தான் வேண்டும்.