தொழில் தெரிந்தால் மட்டும் போதுமா?

(நமது பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"டீச்சர், இந்த வருடம் நீங்கள் பத்து நிமிடம் பேசுங்கள், பெற்றோருக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் பணித்தார். வழக்கமாக இந்த மேடையில் டாக்டர் ஆகுங்கள், வக்கீல் ஆகுங்கள் என்று பேசுவோம். ஆகட்டும், மிகவும் நல்லது. ஆனால் என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் நாளைக்குக் கொத்தனாராகவும், ஒயர்மேனாகவும், பைப் வேலை செய்பவராகவும், வெல்டராகவும் வரப் போகிறார்கள். அவர்களுக்கென்று இந்த மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. வெறும் படிப்பு சோறு போடாது, தொழில் தெரிய வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தக் காலத்தில் அதைத் திருப்பியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாகக் காய்த்த சுரைக்காயாக இருந்தாலும், ஏட்டில் அதன் பெயர் ஏறாவிட்டால் சந்தையில் விலை போகாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் பார்த்தேன்.

என் அப்பா ஒரு கொத்தனார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டே, மாலையில் ஒரு பெரியவரிடம் கையாளாக நின்று கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு நூல்கண்டு இவ்வளவுதான் அவர் சொத்து. அவர் கட்டிய சுவரில் பூச்சுப் பூசாமலே பார்க்கலாம், செங்கல் வரிசை கோடு போட்ட மாதிரி இருக்கும்.

தோட்டத்து வேலை குறைந்த பிறகு பட்டணத்துக்குப் போய், ஒரு குத்தகையாளரிடம் வேலை எடுத்துச் செய்தார். லைசென்ஸ் அவருடையது. வேலை அப்பாவுடையது. எல்லாம் வாய்ப்பேச்சு. 2009-ஆம் ஆண்டு ஒரு கடை வரிசையின் பின்பக்கச் சுவர்களை அப்பாவும் இரண்டு ஆட்களும் கட்டி முடித்தார்கள். வர வேண்டிய பாக்கி 4,800 வெள்ளி. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம்.

இன்று நாளை என்று மூன்று மாதம் இழுத்தார் அந்த மனிதர். கடைசியில், "உனக்கு நான் பணம் தரணும்னு எங்கே எழுதியிருக்கு? காட்டு" என்று கேட்டுவிட்டார். அப்பாவோடு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போய் முறையிட்டேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவரா, குத்தகை எடுத்தவரா?" என்பது. சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு வேண்டும். அது இல்லை. குத்தகையாளர் என்றால் பதிவு வேண்டும். அதுவும் இல்லை. இருபது வருடம் வீடு கட்டிய மனிதர், சட்டத்தின் கண்ணுக்கு யாருமே இல்லாமல் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பேசவே இல்லை. அம்மா தோட்டை அடகு வைத்து என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். அந்தப் பணம் இன்று வரைக்கும் வரவில்லை.

அன்பான பெற்றோர்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை நடந்திருக்கும்! ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் நாட்டில் கட்டுமான வேலையை எடுத்துச் செய்கிற எவரும் சி.ஐ.டி.பி. என்னும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் குத்தகையாளராகப் பதிந்திருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் சட்டம் இது. 520-ஆவது சட்டம் என்பார்கள். ஜி1 முதல் ஜி7 வரை ஏழு படிகள் உண்டு. ஜி1 சின்ன வேலைகளுக்கு. படி ஏற ஏற எடுக்கக்கூடிய வேலையின் மதிப்பும் ஏறும். ஜி7-க்கு உச்சவரம்பே கிடையாது. ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு மூலதனம், இன்ன தொழில்நுட்பத் தகுதியுள்ள ஆள் என்று கணக்கு இருக்கிறது. பதியாமல் குத்தகை வேலை செய்து பிடிபட்டால் அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரைக்கும் போகும்.

குத்தகை எடுக்காமல் கட்டுமான இடத்தில் கூலிக்கு நிற்பவருக்கும் பச்சை அட்டை வேண்டும். அதற்கு ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு உண்டு. தலைக்கவசம் எதற்கு, உயரத்தில் எப்படி நிற்பது, குழிக்குள் எப்படி இறங்குவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். காலம் முடியும் முன்னே அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மின்சார வேலைக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் ஒயர்மேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டு ஒயரிங்கைத் தொடக்கூடாது. வீட்டுக்கு வருகிற ஒற்றை பேஸ் வேலைக்கு ஒரு சான்றிதழ், மூன்று பேஸ் வேலைக்கு வேறொரு சான்றிதழ். ஒயரிங் முடிந்ததும், மேற்பார்வை பார்த்து வேலையை முடித்ததற்கு ஜி பாரமும், சோதித்துப் பார்த்ததற்கு எச் பாரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்தான் அந்த வீட்டுக்குப் பொறுப்பு.

"சும்மா ரெண்டு ஒயரை முறுக்கி விடறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கையில் பிடித்து வேலை செய்கிற சாமான்களுக்கான பிளக்கில் மின்சாரம் கசிந்தால், 30 மில்லி ஆம்பியரிலேயே சுவிட்சு தானாக விழுந்துவிட வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு இழுக்கும் அளவுதான் அது. அந்தக் கருவியைச் சரியாகப் பொருத்தி, பூமிக் கம்பியைச் சரியாக இறக்கி, சோதித்துப் பார்த்தவர் போட்ட கையெழுத்தை நம்பித்தான் நம் பிள்ளை ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும்போது நாம் சமையற்கட்டில் நிம்மதியாக நிற்கிறோம். லைசென்ஸ் என்பது ஆபீசர் கொடுக்கும் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது.

நானும் யோசித்துப் பார்த்தேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்க எனக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்காவிட்டால் உங்கள் பிள்ளைகளை என்னிடம் விடுவீர்களா? வீடு கட்டுகிறவரிடமும் அதையே கேட்பதில் தப்பு என்ன?

சரி டீச்சர், படிக்காமல் தொழில் பழகியவர் என்ன செய்வது என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பி.பி.டி. என்று ஒரு முறை உண்டு. பல வருடம் செய்த வேலைக்கான ஆதாரங்களை, அதாவது படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், வேலை செய்யும் முறை பற்றிய விளக்கம் இவற்றையெல்லாம் ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் பரிசீலித்துச் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வார்.

என் அப்பாவுக்கு 58 வயதில் நான் இதைச் சொன்னேன். "ஏம்மா, இந்த வயசுல எனக்கு எதுக்குப் பரீட்சை?" என்று சிரித்தார். விடவில்லை. இரவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். "கலவை எப்படிப்பா போடுவீங்க?" "ஒண்ணுக்கு ஆறு." "மூலையை எப்படிச் சதுரமா எடுப்பீங்க?" "இந்தப் பக்கம் மூணு அடி, அந்தப் பக்கம் நாலு அடி அளந்து ஆணி அடி. குறுக்கே அஞ்சு அடி வந்தா மூலை சரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடைநிலைப் பள்ளியில் பைத்தகரஸ் தேற்றம் என்று நான் தலையை உடைத்துக்கொண்டு படித்த கணக்கு அது. அப்பா அதன் பேர்கூடத் தெரியாமல் முப்பது வருடமாக நூலைப் பிடித்துச் செய்துகொண்டிருந்தார். மதிப்பீட்டாளரும் அதே கேள்வியைக் கேட்டாராம். அப்பா வாயால் பதில் சொல்லாமல் நூலை எடுத்துச் செய்து காட்டியிருக்கிறார்.

சான்றிதழ் வந்தது. அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இருபது வருசத்துக்கு முன்னாடி வந்திருந்தா, என் பேர்ல நானே வேலை எடுத்திருப்பேன்" என்றார். அதற்குள் அவருக்கு முழங்கால் போய்விட்டது. சாரத்தில் ஏற முடியாது. என் மனதில் தங்கிவிட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

பெற்றோர்களே, மூன்று விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்.

முதலாவது, தொழில் தெரிந்த அண்ணன், தம்பி யாராவது வீட்டில் இருந்தால், உடம்பில் பலம் இருக்கும்போதே சான்றிதழுக்கு முயற்சி செய்யச் சொல்லுங்கள். செய்கிற ஒவ்வொரு வேலையையும் இன்றைக்கே கைபேசியில் படம் எடுத்து, தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எதையும் எழுத்தில் வாங்குங்கள். குத்தகைப் பணம் வராமல் இழுத்தடித்தால் விரைவாகத் தீர்ப்புக் கேட்க 2012-ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறி, 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டமும் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். அடுத்தவர் லைசென்ஸுக்குப் பின்னால் நின்று வாய்ப்பேச்சில் வேலை எடுத்தால், இலாபம் அவருக்கு, ஆபத்து நமக்கு.

மூன்றாவது, பையனோ பெண்ணோ கைவேலையில் ஆசை காட்டினால், "படிப்பு ஏறலே, அதான் போறான்" என்று ஊர் முன்னால் சொல்லாதீர்கள். மனிதவள அமைச்சின் ஐ.எல்.பி. பயிற்சிக் கழகங்களும், இளைஞர் அமைச்சின் ஐ.கே.பி.என். கழகங்களும் இருக்கின்றன. எஸ்.கே.எம். மூன்று நிலைகளையும் முடித்தால் நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது நிலை உயர் டிப்ளோமா. பயிற்சிச் செலவுக்கு பி.டி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதியில் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விகிதக் கணக்கு எதற்கு என்று போன வாரம் ஒருவன் கேட்டான். ஒன்றுக்கு ஆறு என்று கலவை போடத் தெரியாதவன் கட்டிய சுவர் நிற்காது தம்பி, அதற்குத்தான். மலாய் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: பாரத்தைப் படித்துப் பார்த்து நீங்களே கையெழுத்துப் போடுவதற்கு. தமிழ் எதற்கு? இதையெல்லாம் வீட்டில் அப்பா அம்மாவுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதற்கு.

நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்சுவர் என் அப்பா கட்டியது. அதில் அவர் பெயர் இல்லை. அவர் இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து இந்தப் பள்ளிக்கு ஒரு கட்டடம் எழும்பும்போது, வாசலில் வைக்கும் பெயர்ப்பலகையில் குத்தகையாளர் என்ற இடத்தில் உங்களில் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். அதைப் படிக்க நான் இங்கேயே இருப்பேன்.