ஒற்றைத் தலைவலிக்குச் சுக்குப் பத்து போதுமா?



கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிரில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால், முதல் வைத்தியம் லயத்துக்குள்ளேதான். சுக்கை வெந்நீர் விட்டு உரைத்து நெற்றியில் பத்து போடுவார்கள். நொச்சி இலை கிடைத்தால் ஆவி பிடிப்பார்கள். மறுநாள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். படுத்தால் அன்றைய சம்பளம் போயிற்றே!

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. இதை 'வெறும் மண்டையிடி' என்று வீட்டில் உள்ளவர்களே ஒதுக்குவதுதான் கொடுமை.

சரி, பாட்டி வைத்தியத்தில் விஷயம் இருக்கிறதா? இஞ்சியில் இருக்கிறது. 2014-இல் வெளியான ஈரானிய ஆய்வில், 100 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வலி தொடங்கியதும் கால் கிராம் இஞ்சித் தூள் தரப்பட்டது. மற்றவர்களுக்கு சுமட்ரிப்டான் மாத்திரை. இரண்டு மணி நேரத்தில் இரு தரப்பினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வலி தணிந்தது. ஆனால் 2020-இல் வந்த பிரேசில் ஆய்வில், தினமும் இஞ்சி சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வந்த வலிக்கு இஞ்சி உதவலாம். வராமல் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். அதுவும் உள்ளுக்குச் சாப்பிட்ட இஞ்சி, நெற்றியில் பூசியது அல்ல! பத்து சுகம் தந்தால் போடட்டும். தோல் எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும்.

மூலிகை கெடுதல் செய்யாது என்பார்கள். பட்டர்பர் என்ற செடியை 2012-இல் அமெரிக்க நரம்பியல் கழகமே இந்த நோய்க்குப் பரிந்துரைத்தது. கல்லீரலைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் 2015-இல் அதைத் திரும்பப் பெற்றது. சந்தையில் புட்டியில் விற்கும் மூலிகை மருந்தை வாங்குமுன், சுகாதார அமைச்சின் 'மால்' பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடை மாத்திரையிலும் கவனம் தேவை. மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காலைப் பசியாறாமல் வெறும் தேநீரோடு வேலைக்குப் போவதும் பலருக்கு வலியைக் கிளப்பிவிடும்.

இடி விழுந்ததுபோல் திடீரென்று தலை வலித்தால், கை கால் விளங்காமல் போனால், பேச்சுக் குழறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், அது பத்து போடும் நேரமல்ல. உடனே வண்டி பிடித்து தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.